வழியில் இருந்த ஆறாவது குண்டு

ஜனவரி பன்னிரண்டாம் தேதி காலை பதினொன்றேகால் மணிக்கு நான் சுட்ட குண்டு, மே பதினொன்றாம் தேதி மதியம் இலக்கில் போய்த் தைத்தது. நடுவில் இருந்த தூரம் இருபது கஜம். பயண நேரம் நூற்றுப்பத்தொன்பது நாள். ஒரு நத்தையை அனுப்பியிருந்தால் போய்த் திரும்பி வந்து பேரன் பேத்தி எடுத்திருக்கும்.

நம்பமாட்டீர்கள். ஹெட்லி ஸ்ட்ரதர்ஸும் நம்பவில்லை. அவன் எதைத்தான் நம்பியிருக்கிறான்? நாற்பது வருடம் நில அளவை வேலை பார்த்து, சஸ்காட்செவான் மாகாணத்தில் பாதியைச் சங்கிலி போட்டு அளந்தவன். மனைவி குளிருகிறது என்று சொன்னால், வெப்பமானியைப் பார்த்துவிட்டு வந்துதான் ஆமாம் என்பான். எங்கள் சங்கத்தில் மதிப்பெண் தாள் அவன் கையில்தான் இருக்கிறது.

பழைய பிரிட்டிஷ் ரிவால்வர் சுடுகிறவர்களின் சங்கம் அது. மொத்தம் ஒன்பது பேர். துப்பாக்கி 1898-க்கு முன்னால் பிறந்திருக்க வேண்டும் என்பது விதி. உறுப்பினர்களுக்கு அப்படி விதி இல்லை, ஆனால் நாங்கள் காரிலிருந்து இறங்குவதைப் பார்த்தால் உங்களுக்குச் சந்தேகம் வரும். இன்னொரு விதி, குண்டை அவரவரே ஈயம் காய்ச்சி வார்க்க வேண்டும். கடையில் வாங்கிய குண்டோடு வருகிறவனும், விருந்துக்கு அழைத்த வீட்டுக்கு டப்பா சூப் எடுத்துப்போகிறவனும் எங்களுக்கு ஒன்றுதான்.

மூன்றாவது விதிதான் என் கழுத்தைப் பிடித்தது. எழுபத்தைந்து வயது ஆனவர்கள் ஒவ்வொரு ஜனவரியிலும் சோதனைக்கு நிற்க வேண்டும். சங்கக் கொட்டகை அடுப்பில், ஹெட்லியின் கண்ணெதிரே ஆறு குண்டு வார்க்க வேண்டும். அவன் தன் எண் அச்சை வைத்துச் சுத்தியலால் தட்டி, ஒவ்வொரு குண்டின் மூக்கிலும் ஒன்று முதல் ஆறு வரை பதிப்பான். பிறகு அதே ஆறையும் சுட வேண்டும். ஐந்து கறுப்பு வட்டத்துக்குள் விழுந்தால் வரிசையில் நிற்கலாம். விழாவிட்டால் நாற்காலி.

நாற்காலி என்றால் கண்ணாடி ஜன்னலுக்குப் பின்னால் காபிப் பாத்திரத்தின் பக்கத்தில் கிடக்கும் நாற்காலி. உட்கார்ந்து மற்றவர்கள் சுடுவதைப் பார்க்கலாம், மணி அடிக்கலாம். இதுவரை மூன்று பேரை அதில் உட்காரவைத்திருக்கிறோம். முதல் ஆள் நான்கு ஞாயிறு வந்தார். அடுத்தவர் இரண்டு ஞாயிறு. மூன்றாமவர் ஜன்னல் வழியாக நாற்காலியைப் பார்த்துவிட்டுக் காரை விட்டே இறங்கவில்லை.

நான் ஆரின் மக்ளூர். முப்பத்தைந்து வருடம் ரயில் நிலையத்துப் பக்கத்தில் இருந்த தானியக் கிடங்கை நடத்தினேன். என் காலத்தில் அந்தக் கிடங்கு வழியாகப் போன கோதுமையைக் கொட்டியிருந்தால் நிலாவுக்கு ஏணி தேவைப்பட்டிருக்காது. இப்போது எழுபத்தேழு. மனைவி போய் ஆறு வருடம். ஞாயிறு பத்து மணிக்கு நான் வராவிட்டால், "ஆரின் எங்கே?" என்று கேட்கிற ஒரே இடம் அந்த வரிசைதான். நாற்காலியில் உட்கார்ந்தவனை யாரும் அப்படிக் கேட்பதில்லை. அதனால் எனக்கு ஐந்து குண்டு தேவைப்பட்டது.

சோதனை அன்று வெளியே மைனஸ் முப்பத்தொன்று. மூச்சு விட்டால் அது கீழே விழுந்து உடையும் சத்தம் கேட்டது. கொட்டகைக்குள் அடுப்பு எரிந்தும் முதுகு ஒரு மாகாணத்திலும் முகம் இன்னொரு மாகாணத்திலும் இருப்பதுபோல்தான் இருந்தது. சங்கத் தலைவி ஒலேனா வாசிலென்கோ பூட்ஸைக் கழற்றிவிட்டுக் கால் இரண்டையும் அடுப்புப் பக்கம் நீட்டியிருந்தாள். தபால் நிலையத்தில் முப்பது வருடம் நின்ற கால்கள். தலைவி பதவியையே உட்கார்ந்துகொள்ளலாம் என்பதால்தான் ஏற்றுக்கொண்டாள்.

"சீக்கிரம் ஊத்துய்யா," என்றாள். "எனக்கு வீட்டுக்குப் போய்ப் படுக்கணும்."

"இப்பதானே வந்தே?"

"வந்ததே அலுப்பா இருக்கு."

என் துப்பாக்கி 1891-இல் பர்மிங்ஹாமில் பிறந்த வெப்லி. ஆறு குண்டும் பெருவிரல் தடிமன். அதன் குண்டுக்கு அடியில் ஒரு குழி உண்டு. மருந்து வெடிக்கும்போது அந்தக் குழி பாவாடைபோல் விரிந்து, குழலின் வரிகளைப் பிடித்துக்கொள்ளும். பிடித்தால்தான் குண்டு சுழலும், சுழன்றால்தான் நேராகப் போகும். பாவாடை விரிய வேண்டுமென்றால் ஈயம் மெத்தென்று இருக்க வேண்டும். நகத்தால் கீறினால் கோடு விழ வேண்டும். இது எங்களில் யாரைத் தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் தெரியும்.

நான்கு குண்டு வார்த்ததும் சட்டியில் ஈயம் அடிமட்டத்துக்குப் போய்விட்டது. பெஞ்சுக்கு அடியில் கிடந்த ஒரு கட்டியை எடுத்துப் போட்டேன். நகத்தால் கீறிப் பார்க்கவில்லை. ஏன் என்று கேட்டால், கை மரத்துப்போயிருந்தது. கரண்டியைப் பிடித்துப் பிடித்துத் தோள் இறங்கிப்போயிருந்தது. குனிந்து அந்தக் கட்டியை எடுத்ததே அன்றைக்கு ஒரு சாதனை. ஐந்தையும் ஆறையும் அதிலிருந்து வார்த்தேன்.

ஹெட்லி எண் பதித்தான். ஆறாவதில் முதல் தட்டில் அச்சு சரியாக விழவில்லை. இன்னொரு முறை தட்டினான். அச்சு நகர்ந்து, ஆறுக்குப் பக்கத்தில் அதன் நிழல்போல் இன்னொரு ஆறு விழுந்தது.

"என்னப்பா, சுத்தியல் தூக்கக்கூடத் தெம்பில்லையா?" என்றேன்.

"சுத்தியல் நல்லாத்தான் இருக்கு. ஒங்குண்டுதான் முரண்டு பண்ணுது."

அந்த ஒரு வார்த்தையில் எங்கள் இரண்டு பேருக்கும் புத்தி வந்திருக்க வேண்டும். வரவில்லை. வாழ்நாளில் முக்கால் பங்கு ஈயத்தோடு கழித்த இரண்டு பேர், சுத்தியலுக்குப் பணியாத ஈயத்தைக் கையில் வைத்துக்கொண்டு குளிரைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்தோம்.

சுட்டேன். முதல் நான்கும் கறுப்பில். புகை காற்றில்லாமல் அப்படியே நின்றது, அழுகிய முட்டை நாற்றத்தோடு. அதைக் கையால் ஒதுக்கிவிட்டு ஐந்தாவதைச் சுட்டேன். ஆறாவதையும் சுட்டேன். சிவப்புக் கொடி ஏற்றிவிட்டு ஹெட்லி பனியில் நடந்து போனான். இலக்கு அட்டையைப் பார்த்தான். குனிந்து பார்த்தான். பின்பக்கமும் பார்த்தான்.

"நாலு கறுப்புல," என்று கத்தினான். "ஒண்ணு வெள்ளையில. அதுவும் ஓட்டையா இது? தபால் பெட்டி வாய் மாதிரி நீளமா இருக்கு."

"ஆறாவது?"

"ஆறாவது இல்ல."

"இல்லன்னா?"

"இல்லன்னா இல்லப்பா. அட்டையிலயே படல."

ஜன்னலுக்குப் பின்னால் அந்த நாற்காலி தெரிந்தது. யாரோ அதன்மேல் கோட்டைக் கழற்றிப் போட்டிருந்தார்கள், ஏற்கெனவே யாரோ உட்கார்ந்திருப்பதுபோல. அப்போதுதான் என் வாய், என்னைக் கேட்காமலே பேசியது.

"வந்துக்கிட்டிருக்கு."

"எது?"

"குண்டு. குளிர்ல மெதுவா வருது. ஒனக்கு மட்டும் கால் வலி இருக்கும், அதுக்கு இருக்காதா?"

ஒலேனா சிரித்தாள். ஹெட்லி சிரிக்கவில்லை. அவன் திரும்பி வந்து தாளை எடுத்தான். பென்சிலை நாக்கில் தொட்டான்.

"சரி. குறி தப்புச்சுன்னு நீ ஒத்துக்க மாட்டே. சுட்டவன் ஒத்துக்காம தப்புன்னு எழுத எனக்கும் உரிமையில்ல. எங்க இருக்குன்னு நீ சொல்றியோ அதையே எழுதறேன்." ஆறாவது கட்டத்தில் அச்சுப்போன்ற கையெழுத்தில் எழுதினான்: வழியில்.

"மே மாசக் கூட்டத்துல கணக்க முடிச்சுடுவேன்," என்றான். "அதுக்குள்ள வந்து சேரச் சொல்லு."

"சொல்றேன்."

"அது வர்ற வழியில எனக்கு ரெண்டு ரொட்டியும் வாங்கிட்டு வரச் சொல்லு," என்றாள் ஒலேனா.

பிப்ரவரி முழுவதும் படுத்திருந்தேன். மார்ச்சில் எழுந்து உட்கார்ந்தேன். அலுப்பு என்றால் என்னவென்று எனக்குத் தெரியும் என்று நினைத்திருந்தேன். அதுவரை தெரிந்தது அதன் தம்பி. வாசலில் பனியைத் தள்ள மண்வெட்டியை எடுத்தால், மண்வெட்டிதான் என்னைத் தாங்கிக்கொண்டு நின்றது. பனியைப் பார்த்துக்கொண்டே நின்ற அப்படி ஒரு நாளில்தான் மண்டையில் விளக்கு எரிந்தது.

எங்கள் இலக்குக்குப் பின்னால் மண்மேடு. குளிர்காலத்தில் டிராக்டர் தள்ளிய பனி அதற்கு முன்னால் ஆள் உயரத்துக்குக் குவிந்திருக்கும். கரிமருந்தில் மெதுவாகப் போகிற எங்கள் குண்டு அதில் புகுந்தால், தலையணையில் முகம் புதைத்தமாதிரி நின்றுவிடும். நசுங்காது. வசந்தத்தில் பனி உருகும்போது வார்த்த உருவம் குலையாமல் வெளியே தெரியும். மே முதல் ஞாயிறு நாங்கள் எல்லோரும் வாளியோடு போய்ப் பொறுக்குவோம். அதற்கு ஈய அறுவடை என்று பெயர். பொறுக்கியதெல்லாம் பொதுச் சட்டியில் ஒன்றாக உருகும்.

என் ஆறாவது குண்டு அங்கே எங்கோ படுத்திருந்தது. அது நிஜமாகவே வழியில்தான் இருந்தது! அறுவடைக்கு முன்னால் நான் அதைக் கண்டுபிடிக்காவிட்டால் பொதுச் சட்டி, பிறகு நாற்காலி.

ஏப்ரல் பதினான்கிலிருந்து தினமும் போனேன். மனைவி நூடுல்ஸ் வடிகட்டிய பழைய சல்லடையை எடுத்துக்கொண்டேன். மண்டியிட்டு, உருகும் பனியையும் சேற்றையும் அள்ளி அள்ளிச் சலித்தேன். முதல் வாரத்தில் என் முழங்கால்கள் ராஜினாமா கொடுத்துவிட்டன. இரண்டாம் வாரம் சம்பளம் இல்லாமல் வேலை பார்த்தன. இருநூற்றுப் பதினொரு குண்டு கிடைத்தது. எதிலும் எண் இல்லை. தரை அணில் ஒன்று பொந்து வாசலில் நிமிர்ந்து நின்று தினமும் என்னைப் பார்த்தது. நான் அதன் வீட்டை வாங்க வந்திருக்கிறேன் என்று நினைத்திருக்கும்.

ஏப்ரல் முப்பதாம் தேதி, அந்த அணிலின் பொந்துக்கு ஒரு சாண் தள்ளி, சேற்றில் ஒரு மூக்கு தெரிந்தது. துடைத்தேன். ஆறு. பக்கத்தில் அதன் நிழல்போல் இன்னொரு ஆறு.

சேற்றிலேயே உட்கார்ந்துவிட்டேன். எழுந்திருக்க அரை மணி நேரம் ஆயிற்று. அந்த அரை மணியில்தான் குண்டைச் சரியாகப் பார்த்தேன். குழலின் வரிகள் அதன்மேல் பட்டும் படாமலும் ஒரு பக்கம் மட்டும் கீறியிருந்தன. பாவாடை விரியவே இல்லை. நகத்தால் கீறினேன். நகம்தான் தேய்ந்தது. நான் சட்டியில் போட்டது காரின் சக்கரத்தில் சமநிலைக்காக மாட்டுகிற ஈயம். அந்த ஈயம் கல். குண்டு குழலுக்குள் பிடிமானமே இல்லாமல் வழுக்கிக்கொண்டு போய், வெளியே குட்டிக்கரணம் அடித்திருக்கிறது. ஐந்தாவது குண்டு அட்டையில் படுத்தவாக்கில் நுழைந்து தபால் பெட்டி வாய் திறந்தது அதனால்தான். ஆறாவது குண்டு அட்டையையே மதிக்கவில்லை. என் கண்ணும் கையும் தப்பு செய்யவில்லை. அலுப்புதான் தப்பு செய்தது.

இனி மறுபடி சுட்டாலும் அதே கரணம்தான் அடிக்கும். உருக்கி வார்த்தால் எண் போய்விடும். குண்டைத் தடிமனாக்க வேண்டும், ஆனால் ஈயத்தைத் தொடக் கூடாது. இதற்கு எங்கள் ஆட்களிடம் ஒரு பழைய வழி உண்டு. மெல்லிய காகிதத்தை நனைத்து, குண்டின் இடுப்பில் இரண்டு சுற்று இறுக்கமாகச் சுற்றிக் காயவைத்தால், காகிதம் வரிகளைப் பிடித்துக்கொள்ளும். குழலை விட்டு வெளியே வந்ததும் கிழிந்து உதிர்ந்துவிடும்.

வீட்டில் அவ்வளவு மெல்லிய காகிதம் எங்கே இருக்கிறது? தேடினேன். 1974-இல் கார்பன் வைத்துத் தட்டச்சு செய்த சங்க விதிப் புத்தகம் இருந்தது. வெங்காயத் தோல்போல் காகிதம். எந்தப் பக்கத்தைக் கிழித்தேன் என்று சொல்ல வெட்கமாக இருக்கிறது. வெட்கம் என்பது பொய், பெருமையாக இருக்கிறது. பதினான்காம் விதி, முதியோர் சோதனையும் நாற்காலியும். அதைத்தான் கத்தரித்துக் குண்டுக்குச் சுற்றி, நுனியை அடிக்குழிக்குள் மடித்தேன். தேன்மெழுகும் ஆட்டுக் கொழுப்பும் தடவி, தோட்டாவில் செருகினேன்.

மே பதினொன்றாம் தேதி கூட்டம். வெளியே அறுவடை முடிந்த மேடு, சேறும் புது மண்ணுமாக இருந்தது. ஒலேனா சாஸ்கட்டூன் பழத்தை மாவுக்குள் வைத்துச் சுட்ட 'பை' பலகாரம் செய்து கொண்டுவந்திருந்தாள். அதை வெட்டத் தெம்பில்லாமல் அவரவர் கரண்டியால் குடைந்து தின்றுகொண்டிருந்தோம். ஹெட்லி தாளை விரித்தான்.

"ஆரின் மக்ளூர். நாலு கறுப்பு, ஒரு வெள்ளை. ஆறாவது, வழியில்." கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தான். அந்தப் பார்வையில் கேலி இல்லை, களைப்புதான் இருந்தது. "முடிச்சுடலாமா, ஆரின்?"

"கொஞ்சம் பொறு. வாசல் வரைக்கும் வந்துடுச்சு."

தோட்டாவை எடுத்து மேசையில் நிறுத்தினேன். குண்டின் மூக்கு வெளியே தெரிந்தது. ஹெட்லி பூதக்கண்ணாடியை எடுத்தான். வெகுநேரம் பார்த்தான். பையிலிருந்து எண் அச்சை எடுத்து, ஒட்டிப் பிடித்துப் பார்த்தான்.

"என் அச்சுதான்," என்றான். "ரெட்டை ஆறு. எங்க கிடைச்சுது?"

"வழியில."

"இது ஒரு தடவ சுட்ட குண்டுய்யா!"

"சுட்டது ஜனவரியில. அந்தப் பயணம் இன்னும் முடியல. ஒன் கையாலயே எழுதியிருக்கே."

"மறுபடி சுட்டா அது ஏழாவது."

"ஏழுன்னு எங்க எழுதியிருக்கு, காட்டு. ஒங் கண்ணு முன்னால வார்த்தது, ஒங் கையால எண் போட்டது. ஒரு குண்டை எத்தனை தடவ சுடணும்னு விதியில இருக்கா? படிச்சுப் பாரேன்."

ஹெட்லி தன் விதிப் புத்தகத்தைப் புரட்டினான். உதடு அசையப் படித்தான். திரும்பவும் படித்தான்.

"ஒன்னுதையும் கொடு. கார்பன் பிரதியில ஏதாவது விட்டுப்போயிருக்கலாம்."

"என் புத்தகத்துல அந்தப் பக்கம் கொஞ்சம் வேலையா இருக்கு."

"ஹெட்லி," என்றாள் ஒலேனா, "விதியில இல்லன்னா இல்லதான். சுடட்டும், விடு. நீங்க ரெண்டு பேரும் பேசிப் பேசியே என் கால் வீங்குது."

அவன் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்தான். "சுடட்டும். ஆனா நான் நம்பல. மூக்கை வெட்டி வேற குண்டுல ஒட்டினாலும் ஒட்டியிருப்பான். சுட்டதும் நானே போய்த் தோண்டி எடுத்துப் பாப்பேன். ரெட்டை ஆறு இல்லன்னா நாற்காலி."

வரிசையில் போய் நின்றேன். வெப்லியின் எடை ஒரு கிலோ என்று புத்தகங்கள் சொல்லும். அன்று அது பதினொரு கிலோ இருந்தது. கையை நீட்டினேன், முனை வட்டம் போட்டது. இறக்கினேன். மறுபடி நீட்டினேன். நாற்காலி இருந்த பக்கம் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன், பார்த்தேன். மூன்றாவது முறை நீட்டியபோது கை மிகவும் சோர்ந்து, நடுங்கவும் அலுத்துக்கொண்டது. அந்த ஒரு நொடிதான். விசையை இழுத்தேன்.

புகை. புகைக்குள்ளிருந்து பொடிப்பொடியாகக் காகிதம், கல்யாண வீட்டில் தூவுவதுபோல, புல்மேல் உதிர்ந்தது.

"இது என்ன கண்றாவி?" என்றான் ஹெட்லி.

"பதினாலாம் விதி," என்றேன்.

கொடி ஏற்றி, எல்லோரும் நடந்தோம். இருபது கஜம் நடக்க எங்கள் கூட்டத்துக்கு நூற்றுப்பத்தொன்பது நாள் ஆகாதது அதிசயம். அட்டையில் ஒரே ஓட்டை. உருண்டையான ஓட்டை, கறுப்புக்குள், ஓரத்திலிருந்து ஒரு மயிரிழை உள்ளே. ஹெட்லி அளவு ஊசியை ஓட்டையில் செருகினான். பூதக்கண்ணாடி வைத்தான். மண்வாரியை எடுத்துக்கொண்டு மேட்டுக்குப் போனான்.

ஒன்றரை மணி நேரம் தோண்டினான். நாங்கள் எட்டுப் பேரும் புல்லில் உட்கார்ந்து பார்த்தோம். இரண்டு பேர் தூங்கிவிட்டார்கள். "விடுப்பா, நெஞ்சு வலி வரப்போகுது" என்று நானே இரண்டு முறை சொன்னேன். கையால் தள்ளிவிட்டான். அவனுக்கு எழுபத்துநான்கு முடியப்போகிறது. அடுத்த ஜனவரியில் அவனும் ஆறு குண்டு வார்க்க வேண்டும்.

கடைசியில் மண்ணோடு ஒரு கட்டியைக் கொண்டுவந்து புல்லில் என் பக்கத்தில் உட்கார்ந்தான், விழுந்தான் என்றுதான் சொல்ல வேண்டும். எச்சில் தொட்டுத் துடைத்தான். ஒரு பக்கம் நசுங்கியிருந்தது. மறுபக்கம் ஓர் ஆறு, அதன் நிழல்போல் இன்னோர் ஆறு. அடிக்குழியில் காகிதத் துணுக்கு ஒன்று ஒட்டிக்கொண்டிருந்தது. அதை நகத்தால் பிரித்துக் கண்ணுக்குக் கிட்டே கொண்டுபோய்ப் படித்தான். என்னிடம் காட்டினான். நாற்காலி என்ற சொல்லின் பின்பாதி.

"தலைகீழாப் பிடிச்சா இது ரெட்டை ஒன்பது," என்றான், கடைசி முயற்சியாக.

"ஆறு குண்டுல ஒன்பதாவது எங்கருந்துய்யா வரும்?"

அவன் குண்டை நகத்தால் கீறிப் பார்த்தான். கோடு விழவில்லை. சுத்தியல் பிடித்த தன் கையைப் பார்த்தான், பிறகு என்னைப் பார்த்தான். புரிந்துவிட்டது. சட்டைப்பையிலிருந்து தாளை எடுத்து முழங்கால்மேல் விரித்தான். வழியில் என்பதை அழித்தான், ஊதினான், பென்சிலை நாக்கில் தொட்டான்.

"எழுதறதுக்கு முன்னால சத்தமாச் சொல்லு," என்றாள் ஒலேனா. "தூங்கறவங்களும் கேக்கட்டும்."

"ஜனவரி பன்னெண்டாம் தேதி கிளம்புச்சு," என்றான் ஹெட்லி ஸ்ட்ரதர்ஸ். "மே பதினொண்ணாம் தேதி வந்து சேர்ந்துச்சு. நான் பார்த்தேன்."